வடக்கு ஜன்னல்

காகித ஆலையை மூடியபோது
எடைக்குப் போட வைத்திருந்த பெட்டியை
இருபது யூரோ கொடுத்து வாங்கி வந்தேன்.
போகோமிர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
மூன்று மாடி. லிஃப்ட் பழுது.
மரிபோரில் லிஃப்ட் பழுது பார்ப்பவளே நான்தான் என்பதைப்
படிக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டே ஏறினான்.

இந்தச் சில்லுக்கென்று இப்போது யாரும் எதுவும் எழுதுவதில்லை.
விசிறி மட்டும்
திராவா ஆற்றின் மேல் ஹெலிகாப்டர் நிற்பதுபோல
அறைக்குள் இரைகிறது.

அதில் ஓட வைக்க நான் எடுத்தது
ஒரு நட்சத்திர வரைபடம்.
தொண்ணூற்று மூன்றில் யாரோ எழுதி,
வேண்டியவர்கள் திருத்திக்கொள்ளலாம் என்று
பூட்டாமல் போன நிரல்.
நடுவில் ஒரு குறிப்பு:
"இந்த வரி அசிங்கம்தான். தொடாதீர்கள். தூக்கம் வருகிறது."

முதல் இரவு கம்பைலர்
நானூற்றுப் பன்னிரண்டு முறை திட்டியது.
இரண்டாம் வாரம்
திட்டாமலே செத்தது. அது இன்னும் மோசம்.
நாலு பைட் எண்ணென்றால்
நாலால் வகுபடும் கதவில்தான் வாங்குவேன்,
பக்கத்துக் கதவில் நீட்டினால்
கையோடு சேர்த்துச் சாத்துவேன் என்கிற இயந்திரம்.
கதவு கதவாகப் போய்
ஒவ்வொன்றையும் நகர்த்தி வைத்தேன்.

பிறகு வானம் வந்தது.
தப்பான வானம்.
எண்களை வால்பக்கமிருந்து படித்திருக்கிறது.
சிரித்துவிட்டேன். எங்கள் பாஷையிலும்
நாற்பத்திரண்டை "இரண்டும் நாற்பதும்" என்றுதான் சொல்வோம்;
த்ரியெஸ்தே உதிரிபாகக் கடைக்காரர்
இருபத்துநாலு போல்ட் அனுப்பிவிட்டு
என்னையே கணக்குக் கேட்பார்.

அந்தத் தப்பான வானத்தை
ஒரு ராத்திரி அப்படியே விட்டுவைத்தேன்.
இடது மூலையில் கோணலாக ஐந்து புள்ளிகள்.
போகோமிரின் முதுகு என்று பெயர் வைத்தேன்.
மறுநாள் பைட்களைத் திருப்பிப் போட்டதும்
அது கலைந்துபோனது.
அவனிடம் சொல்லவில்லை.

சரிபார்க்க என்னிடம் இருந்தது ஒரு ஜன்னல்.
திரையில் பெரிய வண்டி ஏர்க்காலில் நிமிர்ந்து நின்றது.
வெளியே, கூரைகளுக்கு மேல்,
அதே வண்டி, அதே ஏர்க்கால்.
முடிந்தது என்று எழுதி ஊருக்கு விட்டேன்.
உலகத்தில் இந்தப் பெட்டி வைத்திருப்பது நான் ஒருத்திதானே,
யார் கேட்கப்போகிறார்கள்.

பத்தொன்பதாம் நாள் கடிதம்.
புந்தா அரேனாஸ், சிலே.
யாஸ்னா மான்சிய்யா. முன்பாதி எங்கள் பக்கத்துப் பெயர்,
எந்தக் கப்பலில் போனதோ.
"என்னிடமும் இதே பெட்டி.
வானிலை அலுவலகம் தூக்கிப் போட்டது.
ஓடுகிறது, நன்றி.
ஆனால் என் வானத்தில் பாதியைக் காணோம்.
தென்சிலுவையைக்கூட."

உன் திரையைப் பார், கேபிளைப் பார் என்று
பாதி பதில் எழுதிவிட்டுத்தான்
எனக்கு உறைத்தது.
இந்தச் சில்லின் பைட்டுக்கு
மைனஸ் தெரியாது.
மைனஸ் அறுபது என்று வைத்ததை
நூற்றுத் தொண்ணூற்றாறு என்று படித்து,
வானத்தில் அப்படி ஓர் இடமே கிடையாதே என்று
மரியாதையாகத் தாண்டிப் போயிருக்கிறது,
ஒவ்வொரு தெற்கு நட்சத்திரத்தையும்.

சேர்த்தது ஒரே சொல்: குறியுண்டு.
கம்பைல் ஆக நாற்பது நிமிடம்.
கோட்டை மாட்டிக்கொண்டு
நடந்தே இறங்கினேன். லிஃப்ட் இன்னும் பழுது.
கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனேன்.
ரொட்டிக் கடையின் குப்பைத்தொட்டிகள்,
பனி மூடிய இரண்டு கார்,
அவற்றுக்கு மேல்
சிரியஸ்.
என் திரையிலும்தான் அது இல்லை, இத்தனை நாளும்.
தொலைந்த பாதி சிலேயில் தொடங்கவில்லை,
என் சமையலறைச் சுவருக்குப் பின்னால் தொடங்கியிருக்கிறது.

மேலே வந்தபோது திரை நிரம்பியிருந்தது.
யாஸ்னாவுக்கு அனுப்பினேன். உடனே பதில்:
ஓடுகிறதாம். சிலுவை வந்துவிட்டதாம்.
சரியான இடத்தில்தானா என்று
இப்போது சொல்ல முடியாதாம்.
அங்கே கோடை, மாலை ஐந்து மணி,
இருட்ட இன்னும் ஆறு மணி நேரம் ஆகும்,
விழித்திருப்பாயா என்று கேட்டிருந்தாள்.

விசிறியை அணைக்கவில்லை.