கூலி பாக்கி

முதலில் எமல்ஷன். சந்தன நிறம்,
போன பிஷப் வந்தபோது அடித்தது.
அதன் கீழே நீல டிஸ்டம்பர்.
அதற்கும் கீழே, எழுபத்தெட்டில் யாரோ
நல்லெண்ணத்தோடு பூசிய சிமெண்ட்.
அதுதான் வில்லன் என்றார் ஆர்க்கிடெக்ட் அம்மா.
நாற்பது வருஷத்துக்கு மேல் மூச்சுமுட்டி நின்ற சுவர்
கை வைத்தால் வேர்த்தது.

சித்தூர் கச்சேரித் தெரு சர்ச்.
துரைகள் தங்களுக்குக் கட்டிக்கொண்டது.
அவர்கள் போன பிறகு
எட்டு மணிக்குத் தெலுங்கு, பத்து மணிக்குத் தமிழ்
என்று பிரித்துக்கொண்டவர்களுடையது.

ஒன்பது பேர் கொத்தினோம்.
தொட்டியில் சுண்ணாம்பு இருபத்தொரு நாள் ஊறியது.
கடுக்காய்த் தண்ணீரோடு வெல்லத் தண்ணீரையும் ஊற்ற
கல்லறைத் தோட்டத்து எறும்பெல்லாம்
சபையில் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டது.
முட்டையில் வெள்ளை, பூச்சுக்கு.
மஞ்சள், பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்கு.
லெந்து நாளில் இத்தனை முட்டையா என்ற பொருளாளர்
பில்லை மட்டும் மடித்து வைத்துக்கொண்டார்.

வடக்குச் சுவரில் ஒரு சலவைக்கல்.
கலெக்டரின் மனைவி. பத்தொன்பது வயது. காலரா.
கப்பலிறங்கிப் பதினோரு மாதம்.
பெயர் என் வாயில் நுழையவில்லை.
பின்னால் ஈரம் தங்கியிருக்கிறது, கழற்று என்றார்கள்.
தூங்குகிற பிள்ளையோடு தொட்டிலைத் தூக்குவதுபோல
நாலு பேர் இறக்கினோம்.

பின்னால்
ஈரச் சுண்ணாம்பில் ஆணியால் கீறிய எழுத்து.
பேர் தெலுங்கில், கணக்கு தமிழில்.
எங்கள் நாகபூஷணம் படித்தான்: பொல்லய்யா.
மிச்சத்தை நான் படித்தேன்:
கூலி பாக்கி ௩ அணா.
அது என்ன, ங-வா என்று கேட்டேன்.
பழைய மூணு என்றார் ஆர்க்கிடெக்ட் அம்மா,
போட்டோ எடுத்துக்கொண்டே.

கல் வந்து மூடப்போகிற இடம்.
தெரிந்துதான் எழுதியிருக்கிறான்.
துரை படிக்கவென்று இல்லை.

பொருளாளர் ஜெயசிங் சார்
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.
வவுச்சர் யார் பேரில் போடுவது என்று சிரித்தார்.
நாங்கள் சிரிக்கவில்லை.
எங்களுக்கே இரண்டு வாரம் நின்றிருந்தது.

அன்று சாயங்காலம் வந்தது பணம்,
ரப்பர் பேண்டு போட்டு,
சில்லறை உட்பட.

சனிக்கிழமை கல்லை ஏற்றினோம்.
அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் பூசவில்லை.
அந்தப் பெண்ணின் முதுகோடு முதுகாக
அவன் கணக்கு இருக்கட்டும்.

கரண்டி கழுவும்போது நாகபூஷணம் கேட்டான்:
மூணு அணாவுக்கு அப்போ என்ன வரும்?

தெரியாது என்றேன்.
கை நிறைய ஆணி வந்திருக்கும்.