ஒன்றேகால் அடி

காட்பாடி தாலுகா ஆபீசில்
பணம் கட்டியது நாங்கள்தான்.
ஒன்பது அங்குலத்துக்காக
எத்திராஜுலு வீட்டுச் சுவரை
மூன்றாம் வரிசை ஹாலோ பிளாக்கில்
நிறுத்திவைத்திருந்தோம் சித்திரை முழுக்க.

சர்வேயர் வந்தது பகல் பன்னிரண்டுக்கு.
இரும்பு நாடா தொட்டால் சுட்டது.
"இந்த வெயில்ல இதுவே நீளும்மா" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.
வரைபடத்தை வண்டி சீட்டில் விரித்து
கடப்பாரையால் மூன்று இடம் குத்தச் சொன்னார்.
நான்காவதில் ணங்கென்றது எல்லைக்கல்.
எங்கள் பக்கம்,
ஒன்றேகால் அடி உள்ளே.

இவர் சட்டைப்பையில் ரசீதைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
மாடியில் சற்குணம்
காய்கிற மிளகாயைத் திருப்பிப் போட்டாள்,
திருப்பியதையே திருப்பி.

கொத்தனார் நூல் பிடித்தார்.
நூல் என் துவைகல்லின் நடுவே போனது.
"உடைச்சிடவா?"
எத்திராஜுலு பீடியை அணைத்தார்.
"உடைச்சா யார் வாருறது?
சுத்திக் கட்டு."
பெருந்தன்மை என்று சொல்லிவிட முடியாது.
'அனுமதியின் பேரில்' என்று
இருபது ரூபாய் பத்திரத்தில்
எழுதி வாங்கிக்கொண்டார்.

இப்போது சுவர் நேராக வந்து
என் கல்லருகே முழங்கை மடக்கி
மறுபடி நேராகப் போகிறது.
விடியலில் துவைக்கிறேன்,
பாதிக் கல் அவருடையது.
உள்பாவாடை, துண்டு, பிள்ளைகள் சட்டை
என் பாதியில்.
ஜமுக்காளம் மட்டும்
அவர் பாதியில் போட்டு அடிக்கிறேன்.