சரிசெய்யப்பட்டது

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.
துப்பாக்கிக்கு எடை இருக்கிறது.
தோட்டா தீர்ந்து பழைய உறை கழன்று விழ
புதியது உள்ளே ஏறும் அந்த ‘க்ளக்’
காதில் அல்ல, மணிக்கட்டில் கேட்கிறது.
பகலெல்லாம் பனிக்கட்டி மேசையில்
நண்டுக் கால் உடைத்து
மரத்துப்போன என் மணிக்கட்டில்.

புன்டா அரேனாஸில் காற்றே
ஆளைத் தள்ளிக்கொண்டுபோய் வீட்டில் விடும்.
கதவைச் சாத்தி, விரல்களுக்கு
வெந்நீர்க் குவளையைக் கொடுத்துவிட்டு
நான் படைமருத்துவர் ஆகிறேன்.
நாற்பத்தோராம் நிலை. முதுகில் ஊதாப் பெட்டி.
அங்கே என் பெயர் நெலிடா அல்ல,
உப்பு.

கெட்டது நிறைய.
சர்வர் சாவ் பாவ்லோவில் இருக்கிறது.
நான் சுட்ட தோட்டா பாதிக் கண்டம் கடந்துபோய்
அனுமதி வாங்கித் திரும்ப வேண்டும்.
சுவருக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்த பிறகு
“நீ அப்போதே செத்துவிட்டாய்” என்கிறது திரை.
எய்தவனையும் நோக முடியாது, அம்பையும் நோக முடியாது.
கடலடிக் கம்பியை நோகலாம்.

எதிரிகளோ தோட்டாவைக் குடிக்கிறார்கள்.
நெற்றியில் நாற்பது வாங்கிக்கொண்டும்
நின்றபடியே வசனம் பேசுகிறான் தளபதி:
“சாம்பலிலிருந்து யாரும் திரும்புவதில்லை.”
இருநூற்றுப் பதினாறு முறை திரும்பியிருக்கிறான்.
செத்தால் அவன் விட்டுப்போவது
ஏற்கெனவே என்னிடம் ஆறு ஜோடி இருக்கும்
பச்சைக் கையுறை.
ஆலையிலும் கையுறைதான் தருகிறார்கள்.

பதினேழாம் கிடங்கில் ஒரு சுவர்.
யெர்கோதான் கண்டுபிடித்தான்,
கையெறி குண்டுக்குப் பயந்து பக்கவாட்டில் பாய்ந்தபோது.
குனிந்து, துப்பாக்கி மாற்றி, மூலையில் முட்டினால்
உலகம் தாளைப் போலப் புரண்டுவிடும்;
நீங்கள் அதன் அடியில் இருப்பீர்கள்.

அங்கே தரை இல்லை. ஆனால் நிற்கலாம்.
அண்ணாந்து பார்த்தால் கட்டடங்களின் வயிறு,
வேர் வரையாத மரங்கள்,
நம்மைத் தேடி ஓடும் பாதங்களின் அடிப்பக்கம்.
மழையை அங்கே வரைய மறந்துவிட்டார்கள்.
சத்தம் மட்டும் பெய்யும்.

மூன்று பேர் இருந்தோம்.
போர்வெனிர் படகில் கயிறு வீசும் யெர்கோ.
வடக்கே, பாலைவனத்துக் கலாமாவில்
ஆள் உயரத்தைப்போல் இருமடங்கு சக்கரம் உள்ள
லாரி ஓட்டும் லியோகாடியோ.
அவன் முகம் தெரியாது, இருமல் தெரியும்.

ஆகஸ்ட் முழுக்க அங்கேயே கிடந்தோம்.
மகளைக் கூட்டிக்கொண்டு மனைவி
ஒசோர்னோ போய்விட்டாள் என்று
யெர்கோ சொன்னது அங்கேதான்.
படகில் இரண்டு வருடம் பக்கத்தில் நின்றவனிடம்கூடச் சொல்லவில்லையாம்.
லியோகாடியோ அதிகம் பேசமாட்டான்.
“கொஞ்சம் சும்மா இருங்கள்” என்பான்,
“எங்கள் ஊரில் இந்தச் சத்தம் கிடைக்காது.”
நான் சொன்னதை
இங்கே எழுதப்போவதில்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை.
பதினான்கு ஜிகாபைட்.
காற்றில் அறுந்து அறுந்து, விடியும்வரை இறங்கியது.
கையுறையின் பச்சையை மெருகேற்றியிருக்கிறார்களாம்.
அதற்கு அடுத்த வரி:
கிடங்கு 17, சுவர். சரிசெய்யப்பட்டது.

தளபதி இன்னும் நாற்பது குடிக்கிறான்.
தோட்டா இன்னும் தாமதமாகத்தான் போகிறது.
அவர்கள் கண்ணில் பட்ட ஒரே குறை
நாங்கள் குடியிருந்தது.

அன்றிரவும் போனோம்.
குனிந்து, மாற்றி, மூலை.
சுவர் சுவராகவே இருந்தது.
பின்னாலிருந்து சுட்டார்கள். யெர்கோ விழுந்தான்.
பெட்டியைத் திறந்து எழுப்பினேன். மறுபடி விழுந்தான்.
“இதென்ன சத்தம்?” என்றான் லியோகாடியோ.

என் தகரக் கூரையில் மழை. நிஜமான மழை,
சாய்வாக, ஆணி கொட்டுவதுபோல.

ஹெட்போனைக் கழற்றி
மைக்கை ஜன்னல் இடுக்கில் வைத்தேன்.
திரையில் மூவரும் செத்துக் கிடந்தோம்.
‘மீண்டும் தொடங்கவா?’ என்று
மினுக்கிக்கொண்டிருந்தது பொத்தான்.
வெகுநேரம்
ஒருவரும் அழுத்தவில்லை.