பதினோராம் பிரிவு

பக்கம் பதினைந்து ரூபாவுக்கு
இருபத்துமூன்று பக்கம் பிரிண்ட் எடுத்து
உவர்மலை ஏற்றத்தில் வரும்போது
கச்சான் காற்று நாலாவதைப் பிடுங்கி
மதிலடியில் போட்டது.
ஒரு மான் வந்து மோந்து பார்த்தது.
பொலித்தீனையே தின்னுகிற மான்.
இதை வேண்டாமென்று விட்டது.

அதைச் சகுனமாக எடுக்கிற ஆள் நானில்லை.

பகலில் மிதுலா.
திருமலை பிரதான வீதியில் கண்ணாடிக்கடை உள்ளறை,
வில்லையை மாற்றி மாற்றி வைத்து
"இது தெளிவா? இல்லாட்டி இதுவா?"
"ரெண்டும் ஒண்டுதான் பிள்ளை" என்பார்கள்.
அந்தப் பதிலுக்கும் அட்டையில் ஒரு இலக்கம் எழுதுவேன்.

இரவு பத்துக்குப் பிறகு நேரலையில் புள்ளி.
ஊதாத் தலைமயிர், கன்னத்தில் வெள்ளைப் பொட்டுகள்,
இடது கொம்பில் நுனி உடைந்த ஒரு கிளை.
கிண்ணியாவிலிருந்து பஸ்மிலா கீறினாள்,
திரை வெடித்த டேப்லெட்டில், மூன்று மாதம்.
எலும்பும் இமையும் நான் பூட்டினேன்.
நான் இமைத்தால் இமைப்பாள்.
கொட்டாவியை ஒளித்தால்
அதையும் காட்டிக்கொடுத்துவிடுவாள்.

சிங்கப்பூர்க் கம்பனி நல்லாய்த்தான் எழுதியிருக்கிறது.
புது உடம்பு தருவார்களாம், காற்றில் மயிர் அசையும்.
நாற்பது எனக்கு, அறுபது அவர்களுக்கு,
உடம்பின் விலை கழிந்த பிறகு.
மாதம் எண்பது மணித்தியாலம்.
காய்ச்சலென்றால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

பதினோராவது:
பிரிந்தால் பெயர் அவர்களுடையது, கொம்பு அவர்களுடையது,
"கதாபாத்திரத்துக்குரிய சிரிப்பு" உட்பட.
இரண்டு வருடம் அதே மாதிரிச் சிரிக்கக்கூடாது.
மூக்கால் இழுத்துச் சிரிக்கிற இந்தச் சிரிப்பா?
பத்தாம் வகுப்பில் என்னை வெளியே நிறுத்தியது,
பெண் பார்க்க வந்தவர்களை எழுப்பி அனுப்பியது,
அதற்கு இப்போது ஒரு உரிமையாளர்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது.
தனியாக இருப்பது என்ன பெரிய ராச்சியமா?
மைக்குக்குக் கேட்கும் என்று மின்விசிறியை நிறுத்தி
சித்திரை வெக்கையில் மூன்று மணித்தியாலம்.
வந்த காசு ரொறன்ரோ மச்சாளின் கணக்கில் இறங்கி
அவளுக்கு ஞாபகம் வருகிற மாதத்தில் வரும்.
பிறகு அவன்.
எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தெரு என்று கேட்பவன்.
தடுத்தால் வேறு பெயரில் வருவான்.
ஒருநாள் "திருமலையா? ஜன்னலுக்குக் கிட்டவா கடல்?" என்றான்.
விளையாட்டை நிறுத்தாமல், குரல் மாறாமல்,
ஒரு கையால் ஜன்னலைச் சாத்தினேன்.
கம்பனியில் அவனைத் துரத்துவதற்கென்றே
சம்பளத்துக்கு ஒரு ஆள் இருப்பாராம்.
ஏழாம் பிரிவு. அதை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன்.

பஸ்மிலா குரல் அனுப்பினாள்:
"வித்துப்போடு. கொம்பு என்ன, திருப்பிக் கீறலாம்."
பதினெட்டு செக்கன் பேச்சில்லை. பின்னால் ஓட்டோச் சத்தம்.
"வலக்காதுக்குப் பின்னால மச்சம் ஒண்டு இருக்கு.
தங்கச்சிட. அதை மட்டும் அழிச்சிட்டுக் குடு."
இரண்டு வருடமாய் அவளை அணிந்திருக்கிறேன்,
எனக்குத் தெரியாது.

பதினோராம் பிரிவின் ஓரத்தில்
பென்சிலால் கேள்விக்குறி போட்டேன்.
வளைவை மட்டும். கீழே புள்ளி வைக்கவில்லை.

அன்றிரவு விளையாட்டின் நடுவில் கரண்ட் போனது.
றவுட்டர் செத்தது. மடிக்கணினிக்கு மட்டும் உயிர்.
திரை வெளிச்சத்தில் என் முகத்தைத் தேடிப் பிடித்து
இணையமில்லாத புள்ளி நின்றாள்.
சாத்திய ஜன்னலுக்கு வெளியே கடல் கேட்டது.
"இது தெளிவா? இல்லாட்டி இதுவா?"
நான் தலையைச் சாய்க்க அவளும் சாய்த்தாள்.
இவளிடம் கேட்டு ஒரு பயனுமில்லை.

நாற்பது நிமிடத்தில் பச்சை விளக்கு வந்தது.
முப்பத்தொரு பேரில் பன்னிரண்டு பேர்
போகாமல் இருந்தார்கள்.
ஒருவர் எழுதியிருந்தார்:
"எங்கட பக்கமும் கரண்ட் இல்லை."
பெயர் புதிது.

ஜன்னலை ஒருதரம் பார்த்துவிட்டு
மூக்கால் இழுத்துச் சிரித்தேன்.