மூன்று கால்

நாலாம் வகுப்பு டைரியில்
சிவப்பு மையில் ஒரு வரி:
தலையைக் கவனிக்கவும்.
யார் தலையை என்று எழுதவில்லை.

கனிஷ்காவின் அம்மா குவைத்தில்
வேறொரு வீட்டுப் பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.
நான் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே
அறுப்பு மெஷின்மேல்,
கழுத்தெல்லாம் நெல்லுச் சுணை.

ராத்திரி போனில் வந்தாள்.
"சீத்தாப்பழக் கொட்டையை அரைச்சுப் பூசுன்னு எவளாவது சொல்லுவா,
கேக்காதே, கண்ணைக் கெடுத்துடும்.
தேங்காயெண்ணெய் நிறைய, வேப்பெண்ணெய் துளி.
ஊறினதும் ஈரத்தோட வாரு.
ஈர் ஏழெட்டு நாள்ல பொரியும்,
ஒரு ஞாயித்துக்கிழமையும் விட்டுடாதே."
சொல்லிவிட்டு
கண்ணாடிக்குள் கைவிடப் பார்க்கிறவள்போல இருந்தாள்.
சிக்னல் போய்விட்டது.

ஞாயிறு.
தோளில் வெள்ளைத் துண்டு.
பேன்சீப்பின் பல்லோ பொடிசு,
என் விரலோ கியர் பிடித்த விரல்.
முதல் இழுப்பிலேயே வீடு அதிரக் கத்தினாள்.

மழையில் சாய்ந்த பயிரைச்
சாய்ந்த பக்கமே ஓட்டினால் பாதி சேற்றில் போகும்.
எதிரே போய், பல்லைத் தாழ இறக்கி,
தூக்கித் தூக்கி அறுக்கணும்.
அட, இதுவும் அதுதான்.
பிடரியிலிருந்து, காதுமடலுக்குப் பின்னாலிருந்து,
அடியோடு, மெதுவாக.

துண்டில் விழுந்தது
கால் முளைத்த எள் ஒன்று.
ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்காதே என்பார்கள்.
ஈர் பேனாகத்தான் ஆகும்;
பெருமாளாகும்வரை என் கட்டைவிரல் நகம் விடவில்லை.

டீச்சர் சொல்லியனுப்பியது மிச்சமிருந்தது:
ரிப்பன் மாற்றக்கூடாது.
சீப்பு கொடுக்கக்கூடாது.
முடியை இறுக்கிப் பின்னணும்.
தலையோடு தலை முட்டக்கூடாது.

கடைசிக்குத்தான் திரும்பினாள்.
"அப்போ ரோஷிணிகூட எப்படிப் படிக்கிறது?
ரெண்டு பேருக்கும் ஒரு கணக்குப் புத்தகம்தான்.
என்னோடது வெள்ளத்துல ஊறிப்போச்சுல்ல?"

ரோஷிணி கோரையாற்றுக்கு அந்தப் பக்கத்துத் தெரு.
டைரியில் அது இல்லை.
பள்ளிக்கூட கேட்டில் நின்ற எல்லோரும் ஆனால்
அதைத்தான் வாசித்தார்கள்.

பேனுக்குப் பறக்கத் தெரியாது,
குதிக்கத் தெரியாது,
பாலம் எந்தப் பக்கம் என்றும் தெரியாது.
இரண்டு முடி தொட்டால் நடந்து போகும்.
இங்கிருந்து அங்கேயா, அங்கிருந்து இங்கேயா,
நின்று பார்த்தவன் யார்?

அடுத்த ஞாயிறு
சீப்பைக் கொதிதண்ணீரில் போட்டெடுத்து
பாலத்தைத் தாண்டினேன், அவளைக் கூட்டிக்கொண்டு.
ரோஷிணியின் அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள்.
"எங்க வீட்ல இல்லீங்க."
நான் இன்னும் வாயே திறக்கவில்லை.
"எங்க வீட்ல இருக்கு," என்றேன்.
"பிடரிப் பக்கம் எனக்குச் சரியா வரல."

மீதிக் கதவும் திறந்தது.

வெயிலில் இரண்டு தலை.
இரண்டு துண்டு. இரண்டு சீப்பு,
அதில் மட்டும் கறாராக இருந்தாள் செல்வமேரி.
வாரி முடித்து
முடியை மூன்று காலாகப் பிரித்தாள்.
மூணாறு தலைப்பில் வெண்ணாறும் மூன்றாகிறது;
பாமணி ஒன்று, கோரை ஒன்று, மிச்சம் வெண்ணாறு.
பிரிந்த தண்ணீர் பிரிந்ததுதான்.
இவள் விரலுக்கடியில்
மேலே போனது கீழே வந்து,
கீழே போனது மேலே வந்து,
ஒற்றையாக இறுகிற்று.

பின்னல் முடிந்த கையோடு
இரண்டும் குப்புறப் படுத்துவிட்டன.
பெருக்கல் கணக்கு.
பக்கத்து ஓரமெல்லாம் வேப்பெண்ணெய் விரல்ரேகை.
தலையோடு தலை.
"ஏய்," என்றாள் செல்வமேரி.
"ம்," என்றன இரண்டும்.
விலகவில்லை.
நாங்களும் அப்புறம் கேட்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு அரித்தது.
என் பிடரியைப் பார்க்க வீட்டில் ஆளில்லை.
ரயிலடி சலூனில் உட்கார்ந்து
முழுசாக எடுக்கச் சொன்னேன்.
எந்தக் கோயில் என்று கேட்டான் மெஷின் ஓனர்.

ராத்திரி போனில் பார்த்தவள் பதறிவிட்டாள்.
"ஐயோ, யாருக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல," என்றேன்.
"தலையைக் கவனிச்சேன்."