எழுபது எழுத்து

காலையிலேயே செய்தி வந்துவிட்டது:
காரைக்குடி 'ஊத்து' பெங்களூர் கைக்குப் போகிறது.
தொகை வெளியிடப்படவில்லை.
படத்தில் வயிரவன் சிரிக்கிறார்.
அவர் தோளுக்குப் பின்னால் தெரியும் முழங்கை
என்னுடையது.

மதியத்துக்குள் எங்கெங்கோ பகிர்ந்து
சின்ன ஊர், பெரிய பாய்ச்சல் என்று
வாழ்த்துகள் குவிந்தன.
வயிரவன் விமானத்தில் இருந்தார்.

செக்காலை சாலை, எவர்சில்வர் கடை மாடி.
நான் மட்டும்.
நள்ளிரவோடு சர்வரை நிறுத்த வேண்டும்.
அதற்குள்
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு
ஒரு குறுஞ்செய்தி.

ஆங்கிலத்துக்கு நூற்றறுபது எழுத்து இடம்,
தமிழுக்கு எழுபது.
எழுபத்தொன்று ஆனால் இரண்டு செய்திக் கட்டணம்.
அதிலும் 'க்' என்று அடித்தால்
க ஒன்று,
தலையில் வைக்கும் புள்ளி ஒன்று.

நகரத்தார் கணக்கில் புள்ளி என்றால்
கல்யாணமான ஒரு குடும்பம்,
கோயிலுக்கு வரி எழுதும் தலை.
எங்கள் வீட்டுக்கு அந்தக் கணக்கு கிடையாது.
இயந்திரம் யாரையும் விடவில்லை,
புள்ளிக்குப் புள்ளி வசூலிக்கிறது.

பெங்களூர் எழுதி அனுப்பிய வாசகம்
'எங்கள் பயணத்தில் உடன் வந்த உங்களுக்கு
மனமார்ந்த நன்றி' என்று தொடங்கி
முடியவே இல்லை.
மூன்று செய்தியாக உடைந்தது.
ஒன்றுக்குப் பதினெட்டு பைசா.
கணக்கில் இருப்பது எண்ணூற்றுப் பத்து ரூபாய்.

பயணத்தை வெட்டினேன்.
எங்கே போனோம் நாம்?
விடியுமுன் கருப்பையா வால்வைத் திறப்பார்,
கைபேசியில் பொத்தானை அமுக்குவார்,
'தண்ணீர் வந்தது' என்று
அந்தத் தெருவுக்கு மட்டும் போகும்.
மூன்று வருடத்தில்
செக்காலையிலிருந்து கழனிவாசல் வரை போயிருப்போம்.

மன்னிக்கவும்: பன்னிரண்டு எழுத்து.
எடுத்தேன், வைத்தேன்,
மறுபடி எடுத்தேன்.

கடைசியில் நின்றது இவ்வளவு:
நாளை முதல் தகவல் வராது. தண்ணீர் வரும்.
முப்பத்தெட்டு.
மீதி முப்பத்திரண்டு இடத்தில் போட
எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு அனுப்பினேன்.
யாரோ ஆபீஸ் எண்ணைத் தேடிப் பிடித்து
பதில் போட்டிருந்தார்:
சரி.
மூன்று எழுத்து, முழுக் கட்டணம்.

நிறுத்தும் கட்டளையை அடித்துவிட்டு
என்டர் தட்டாமல்
மேசையிலேயே தூங்கிப்போனேன்.

நாலு நாற்பதுக்கு
கருப்பையா அமுக்கினார்.
செய்தி வீடுகளுக்குத்தான் போனது,
அவர் பட்டியலில் இல்லை.
யாரும் அவரிடம் சொல்லவில்லை.
நானும்தான்.

கழனிவாசல் மேற்கு,
முந்நூற்று எழுபத்தொரு எண்கள்.
தண்ணீர் வந்தது.
திரையில் பச்சை விழுந்துகொண்டே போனது,
வராது என்று நான் எழுதியதை
ஐந்து மணி நேரத்தில் பொய்யாக்கிக்கொண்டு.

எட்டு மணிக்குப் பெங்களூரில் கேட்பார்கள்,
ஏன் இன்னும் ஓடுகிறது என்று.
கணக்கைத் திறந்து பார்த்தேன்.
மூன்று ரூபாய் ஆறு பைசா.
இன்னும்
பதினேழு வீட்டுக்குச் சொல்லலாம்.