பதில் வராவிட்டால்

தீவுக்குப் படகு ஓடாத நாட்களில்
என் கை மட்டும் கடலைக் கடக்கும்.
உடம்பு ஹாப்சாலுவில்
சமையலறை மேசைமேல் கிடக்கும்.

ஹீயுமா நீரேற்று நிலையத்தில் ஒரு பழைய கணினி.
அதன் அம்புக்குறி ஆளில்லாமல் நகர்வதைக் கண்டு
முதல் வாரம் ஹெய்னோ
தொப்பியைக் கழற்றிவிட்டாராம்.

எனக்குமுன் இதைப் பார்த்துக்கொண்ட ஐவோ
வேலையை விட்டுப் போகும்போது
துண்டுத்தாளில் கடவுச்சொல் கொடுத்தான்:
கிர்சிபூ என்ற நாயின் பெயர், எட்டு எழுத்து;
பின்னால் அது பிறந்த வருடம்.
பன்னிரண்டு என்று பெருமை வேறு.
அந்தப் பழைய மென்பொருளோ
முதல் எட்டைத்தான் படிக்கும்,
மிச்சத்தைக் காதில் போட்டுக்கொள்ளாது.
ஆக, நான்கு வருடமாக
ஊர்த் தண்ணீரைக் காத்தது வெறும் நாயின் பெயர்.
அதையும் அவன் தினமும் சாயங்காலம்
கடற்கரையில் நின்று
தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பதிவேட்டைத் திறந்தேன்.
விடிகாலை மூன்று மணிக்கு
எங்கிருந்தோ யாரோ தட்டியிருக்கிறார்கள்.
மறுநாளும்.
அதற்கு மறுநாளும்.
பகையில்லாத தட்டல்;
தெருவில் ஒவ்வொரு கைப்பிடியையும்
ஒருமுறை திருகிப் பார்த்துப் போகிறவனுடையது.

ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன்.
புதுப் பதிப்பு, நீளமான கடவுச்சொல்.
மறையாக்கம் 'முடிந்தால்' என்றிருந்தது;
'எப்போதும்' ஆக்கினேன்.
'முடிந்தால்' என்பதை
என் முதல் கணவனிடம் போதுமானவரை கேட்டாயிற்று.
எல்லா முகவரிகளையும் வெளியே நிறுத்தி
மூன்றை மட்டும் உள்ளே விட்டேன்.
பார்க்க ஒரு சொல், தொட வேறொன்று;
நகராட்சிக்காரர்களுக்குப் பார்ப்பது போதும்.

கடைசிக் கட்டத்தில் நின்றுவிட்டேன்.
யாராவது வந்தால்
அங்கிருப்பவரிடம் அனுமதி கேட்கவா?
கேள்.
பத்து நொடியில் பதில் வராவிட்டால்,
ஏற்கவா, மறுக்கவா?

தேநீர் ஆறிப்போனது.
குரல் கொடுத்தும் யாரும் வராத வீட்டில்
நுழைகிறவருக்கு என்ன பெயர்?

மறு.

பதினோராம் நாள் புயல்.
இரண்டாம் பம்ப் நின்றதாகக் குறுஞ்செய்தி.
தட்டினேன். பத்து நொடி. மறுப்பு.
மறுபடி தட்டினேன்.
மறுபடி மறுப்பு.
நான் வைத்த சொல்
எழுத்துப்பிழையில்லாமல் என் முகத்தில்.

ஒன்பதாவது மணியில் ஹெய்னோ தொலைபேசியை எடுத்தார்.
வெளியே குழாயில் பனி உடைத்துக்கொண்டிருந்தாராம்.
என் மடிக்கணினி பழுது, இது மகளுடையது;
அந்த எந்திரத்தை முதல்முறையாகப் பார்ப்பதால்
'கையொப்பம் சரிதானா' என்று கேட்டுக்கொண்டே இருந்தது.
வாசியுங்கள் என்றேன்.
கண்ணாடி தேடும் சத்தம்.
ஏழு, சி, பூஜ்யம், பூஜ்யம், இ...
சீட்டுக் குலுக்கலில் எண் படிப்பவரைப்போல் படித்தார்.
அந்த ஞாயிறு மாவுப் பொட்டலத்தின் முதுகில்
எழுதிவைத்திருந்தேன்.
கடைசி எண்வரை ஒத்துப்போனது.

'சரி. நீ லேலோதான் என்று
எனக்கு எப்படித் தெரியும்?'

இதற்கு எந்த அமைப்பும் நான் செய்திருக்கவில்லை.

ஐவோவின் நாய்பெயரைச் சொன்னேன்.
'அது ஊருக்கே தெரியும். வேறு.'
காற்று அவர் பக்கம் ஒருமுறை,
என் பக்கம் ஒருமுறை அடித்தது.
'காப்பியில் உப்புப் போடுவீர்கள்.
நான் பார்த்துவிட்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.'

மௌனம்.
பிறகு, 'தட்டு' என்றார்.

எண்ணினேன்.
ஏழு. எட்டு.
ஒன்பதில் பெட்டி மறைந்தது.
கடலுக்கு அப்பால் ஓர் அம்புக்குறி
என் விரலுக்கு அசைந்தது.

பம்ப் ஓடத் தொடங்கியபின்
அந்தக் கேள்வியை எடுத்துவிடவா என்றேன்.
வேண்டாம், இருக்கட்டும் என்றார்.
பத்தை மட்டும் முப்பதாக்கினேன்.
அவருக்கு முழங்கால் வலி.